சேகருக்கு, லேப்டாப் விஷயமாக

கோத்தகிரி
நவம்பர் 16

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூன்று நாளாக இங்கே விடாத மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து அரை நாள் பஸ் ஓடவில்லை. இன்றுதான் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் நிம்மதி. எங்கள் தோட்டத்தில் இலை நன்றாக வந்திருக்கிறது. பறிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

சரி, தம்பியின் லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். காலேஜ் சேரப்போகிறவன் கேமிங் லேப்டாப் கேட்கிறான், லட்சத்துக்கு மேல் ஆகும்போல, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருந்தாய். போன வருஷம் மகளுக்காக நான் இதே அலைச்சல் அலைந்தேன். கோயம்புத்தூரில் அனிமேஷன் படிக்கிறாள், கேமும் விளையாடுவாள். கடைக்காரர் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார். ஒன்று தடிமன், இன்னொன்று மெல்லிசு. இரண்டிலும் நிவிடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரையில் படத்தை வரைந்து காட்டுகிற பாகம். "இரண்டும் ஒரே கார்டுதான் சார், இது தூக்கிப்போக லேசா இருக்கும்" என்றார். மெல்லிசையே வாங்கினோம்.

தீபாவளிக்கு அண்ணன் மகன் வந்தான். அவனிடம் இருந்தது தடிமனான லேப்டாப், அதே 4060. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கேமைப் போட்டார்கள். வெளியே நல்ல குளிர், ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மகளுடைய லேப்டாப்பின் ஃபேன், விசில் வருவதற்கு முன் குக்கர் சீறுமே, அப்படிச் சீற ஆரம்பித்தது. கீபோர்டின் மேல் ஓரத்தில் விரலை வைக்க முடியவில்லை. திரையின் மூலையில் வெப்பம் 95 டிகிரி காட்டியது. படம் விட்டுவிட்டு ஓடியது. அவனுடையது கடைசிவரை ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மகள் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்து லேப்டாப்பின் பின்பக்கம் அடியில் கொடுத்தாள். நாலைந்து டிகிரி இறங்கியது, அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவளுக்குத் தேவையானது எது என்று நான் விசாரித்திருக்க வேண்டும்.

காரணத்தை அண்ணன் மகன்தான் காட்டிக்கொடுத்தான். லேப்டாப்பில் வரும் 4060-க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு கரண்ட் கொடுப்பது என்பதை லேப்டாப் செய்கிற கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாமாம். மெல்லிய உடம்பில் சூடு வெளியே போக வழி குறைவு, அதனால் வாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். எங்களுடையதில் 60 வாட், அவனுடையதில் 115. 2025-இல் வந்த அடுத்த கார்டான 5060-உம் இப்படித்தான், 45-லிருந்து 100 வரை. அதனால் கார்டின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு பணத்தைக் கட்டாதே. "இந்த மாடலில் கார்டுக்கு எத்தனை வாட்?" என்று கேள். கடையில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் நிவிடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்பர்மேஷனில் பார்க்கச் சொல், 'மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்' என்று ஒரு வரி இருக்கும். தம்பிக்கு அது தெரிந்திருக்கும்.

இன்னொன்று, நீ இருப்பது மதுரை. இங்கே ராத்திரி அறைக்குள்ளேயே 15 டிகிரி. உங்கள் ஊரில் சித்திரையில் 40-ஐத் தொடுகிறது. ஃபேன் உள்ளே இழுப்பது அறையில் இருக்கிற காற்றைத்தான். அறை எவ்வளவு சூடோ, சிப்பின் சூடும் அதற்கேற்ப ஏறும். நூறு டிகிரியை நெருங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மலையிலும் ஒரு குறை உண்டு. காற்று இங்கே கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு லேசு, அதனால் ஃபேன் எடுத்துப்போகிற சூடும் குறைவு. (தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிற ஊர் இது. குக்கர் இல்லாமல் பருப்பு வைத்துவிட்டு அம்மா எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று உனக்குத் தெரியுமே!) ஆனாலும் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. மதுரையில் ஈடுகட்ட எதுவும் இல்லை. தடிமனானதையே எடு. இரண்டரை கிலோ இருந்தாலும் பரவாயில்லை, பையன் தூக்குவான்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். ராம், அதாவது ஓடுகிற வேலையை வைத்துக்கொள்கிற மெமரி, 16 ஜிபி, அதுவும் இரண்டு 8 ஜிபி துண்டுகளாக இருந்தால் நல்லது. பின்னால் ஏற்ற முடியுமா, போர்டோடு ஒட்டியதா என்று மட்டும் கேட்டுக்கொள். ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டிக்கு இன்னொரு ஸ்லாட் இருக்கட்டும். கார்டின் சொந்த மெமரியைப் பிறகு கூட்டவே முடியாது, 8 ஜிபிக்குக் கீழே போகாதே. டிஸ்பிளே 144 ஹெர்ட்ஸ் போதும், அதாவது நொடிக்கு 144 தடவை படம் மாறும்; நிறம் வெளிறாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்கு. முழு வேகம் வேண்டுமென்றால் சார்ஜர் செருகியே இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேட்டரியில் கேம் ஓடினால் வேகம் நன்றாகக் குறைந்துவிடும்.

கேமுக்காக இவ்வளவு பணமா என்று எழுதியிருந்தாய். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. மகள் ஒரு மலைப்பாதையை அந்த லேப்டாப்பிலேயே அனிமேஷனாகச் செய்திருக்கிறாள். கொண்டை ஊசி வளைவு, சில்வர் ஓக் மரம், தேயிலைச் சரிவில் இறங்குகிற மூடுபனி, எல்லாம் கோடநாடு போகிற ரோடுதான். ஒரு காட்சி தயாராக ராத்திரி முழுக்க ஓடவிடுகிறாள். விளையாடுகிறவனுக்குத்தான் இதெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி வருகிறது. தம்பியிடம் எதை விளையாடுகிறான், எது பிடிக்கிறது என்று உட்கார்ந்து கேட்டுப்பார். வாட்டைப் பற்றி அவன் உனக்கு வகுப்பே எடுப்பான்.

மே மாதம் எல்லோரும் வருவதாகச் சொன்னாய், கட்டாயம் வா. நீலகிரிக்குள் வண்டி வர வேண்டிய இ-பாஸை மறக்காமல் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் செக்போஸ்டிலேயே நிறுத்திவிடுவார்கள். தம்பி லேப்டாப்பைக் கொண்டுவந்தால், வெளிக்குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்த உடனே ஆன் செய்ய வேண்டாம் என்று சொல். போன டிசம்பரில் மகள் பைக்கில் கொண்டுவந்து அடுப்படிப் பக்கம் பையைத் திறந்தாள், மூடி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். நல்லவேளை, அணைந்தே இருந்தது. பையோடு ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு திறந்தால் போதும். அதற்குள் டீ குடித்து முடித்துவிடலாம்.

அன்புடன்,
முருகேசன்