ஒயரை மாற்றினால் இசை கூடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குன்னூரில் 34 ஆண்டுகள் வானொலி, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் கடை நடத்தியவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். கோத்தகிரியில் வசிக்கும் என் நண்பர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். உதகையில் ஒரு விடுதியில் நடந்த ஒலிக்கருவி விற்பனைக் காட்சிக்குச் சென்ற அவர், தம் பணிக்கொடையிலிருந்து 1,95,000 ரூபாய் கொடுத்து இரண்டு பொருள்களை வாங்கி வந்தார். ஒன்று, ஆம்ப்ளிஃபயரைச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டுடன் இணைக்கும் ஒன்றரை மீட்டர் பவர் கார்டு. மற்றொன்று, ஸ்பீக்கர்களுக்கான ஒரு ஜோடி ஒயர். முதலாவது மின்சாரத்தைத் தூய்மைப்படுத்தி இசைக்கு ஆழம் தரும் என்றும், இரண்டாவது பாடுபவரின் மூச்சைக்கூடக் கேட்கச் செய்யும் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

மின்சாரம் எப்படி வீடு வந்து சேர்கிறது என்பது நீலகிரி மக்கள் கண்ணால் பார்த்துப் பழகிய விஷயம். பைக்காரா மின்திட்டம் 1932-லேயே இயங்கத் தொடங்கிவிட்டது. குந்தா நிலையங்கள் பிறகு வந்தன. எந்த நிலையத்தில் உற்பத்தியானாலும் மின்சாரம் பொதுத் தொகுப்பில் கலந்து, துணை மின்நிலையங்களையும் டிரான்ஸ்ஃபார்மர்களையும் கடந்து, காட்டுக்குள்ளும் தேயிலைச் சரிவுகளிலும் அலுமினியக் கம்பிகளில் பல கிலோமீட்டர் ஓடி, வீட்டுச் சுவருக்குள் சாதாரண ஒயர் வழியாகத்தான் பிளக் பாயிண்டை அடைகிறது. இவ்வளவு தூரம் வந்த மின்சாரத்தின் குணத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் மாற்றிவிடும் என்பதை நான் எப்படி ஏற்பது? மேலும், ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்த 230 வோல்ட் மின்சாரம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போவதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைக்கிறது. டயோடுகள் நேர் மின்சாரமாக மாற்றுகின்றன. பெரிய கண்டன்சர்கள் அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்கின்றன. சுத்தம் செய்யும் அந்த வேலைக்கான விலையை ஆம்ப்ளிஃபயரை வாங்கும்போதே நாம் கொடுத்துவிட்டோம்.

ஸ்பீக்கர் ஒயரின் கணக்கு இன்னும் எளிது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 7 மில்லி ஓம். ஐந்து மீட்டர் தொலைவுக்குப் போக வர பத்து மீட்டர் என்றாலும் 0.07 ஓம்தான் ஆகிறது. எட்டு ஓம் ஸ்பீக்கரின் முன்னே அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் ஒலியில் ஏற்படும் இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு. இத்தகைய ஒயர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

கணக்கு மட்டும் சொன்னால் நண்பரின் மனம் ஆறாது என்பதால், அவர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தோம். ஆம்ப்ளிஃபயர் தெரியாதபடி குறுக்கே ஒரு கம்பளியைக் கட்டினோம். நாணயத்தைச் சுண்டி விழுந்த பக்கத்துக்கு ஏற்ப அவருடைய மகள் பின்னால் ஒயரை மாற்றினார். வால்யூமை யாரும் தொடவில்லை. நண்பர் தாம் நெஞ்சில் வைத்துப் போற்றும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுர இசைப்பதிவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். இருபது முறையில் பதினொரு முறை ஒயரைச் சரியாகச் சொன்னார். கேட்காமலே ஊகித்திருந்தாலும் ஏறக்குறைய அந்த எண்ணிக்கைதான் வந்திருக்கும். விற்பனைக் காட்சியிலோ எந்த ஒயர் இணைக்கப்படுகிறது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் இசையை ஒலிக்கவிட்டிருக்கிறார்கள். அரை டெசிபல் கூட்டி வைத்தாலே பலருக்கு ஒலி தெளிவடைந்ததாகத் தோன்றும் என்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

நண்பரின் காதில் குறையில்லை. ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் ஆகிய ஒலியியல் ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர் எது என்று கண்ணால் பார்த்துக்கொண்டு மதிப்பெண் இட்டபோது, அனுபவமுள்ள கேட்பவர்களின் தீர்ப்பும் மாறியது. 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர், உயர் தெளிவுப் பதிவுகளைச் சாதாரண சிடியின் தரத்துக்கு இறக்கி ஒலிக்கவிட்டு, வேறுபாடு தெரிகிறதா என்று சோதித்தார்கள். 554 முறையில் 276 முறைதான் விடை சரியாக இருந்தது. 2022-ல் வெளிவந்த செய்தி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. டிஜிட்டல் கலக்காதவை என்று நம்பி மக்கள் பெருவிலை கொடுத்து வாங்கிய மோஃபை நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் பல, இடையில் டிஜிட்டல் பதிவாக மாற்றப்பட்டே தயாரிக்கப்பட்டவை என்பதை அந்நிறுவனத்தினரே ஒப்புக்கொண்டார்கள். டிஜிட்டல் ஒலியை ஒரு நொடியில் கண்டுகொள்வோம் என்று சொல்லிவந்த தேர்ந்த ரசிகர்கள் பலர், பல ஆண்டுகள் அத்தட்டுகளைக் கேட்டும் அதை அறியவில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது விற்றவர்கள் சொன்ன பதில்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. ஒயர் 200 மணி நேரம் ஓடிய பிறகே பக்குவமடையும் என்றார்கள். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு அது நூறு நாள். பொருளைத் திருப்பித் தருவதற்கு அவர்கள் கொடுத்திருந்த காலமோ முப்பது நாள். அதன் பிறகும் நண்பர் வாதாடியபோது, "உங்கள் காது இன்னும் பழகவில்லை" என்று கூறியிருக்கிறார்கள். திருச்சி வானொலியில் நாகசுரம் கேட்டு வளர்ந்த 67 வயது மனிதர், ஒரு வாரம் தம் காதையே சந்தேகித்துக்கொண்டிருந்தார். பணம் போனதைவிட இதுவே எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காலப் பதிவில் மைக் எதைப் பிடித்ததோ அதுதான் இருக்கிறது. மைக் பிடிக்காததை எந்த ஒயரும் கொண்டுவந்து சேர்க்க முடியாது.

நல்ல கருவிக்குச் செலவழிப்பதை நான் தடுக்கவில்லை. ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் உண்மையிலேயே பெரிய வேறுபாடு உண்டு. கல் சுவரும் கண்ணாடி ஜன்னலும் கொண்ட நம் பழைய வீடுகளில், தரையில் ஒரு கனத்த ஜமுக்காளமும் ஜன்னலுக்குத் திரைச்சீலையும் போட்டால் எதிரொலி அடங்குவது எவருக்கும் கேட்கும். மழைக்காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசரும் முறையான எர்த்திங்கும் அவசியம். மூடுபனியின் ஈரத்தில் இணைப்பு முனைகள் கறுத்துப்போகும். தங்க முலாம் அதைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்காகப் பல்லாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறையில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் யாரும் புகார் செய்யலாம். ஒலிக்கருவி விளம்பரங்களையும் இந்த ஆணையம் கவனிக்க வேண்டும் என்றும், விற்பனைக் காட்சி நடத்துவோர் வாங்க வருபவர் கேட்டால் கருவியைத் திரையிட்டு மறைத்துச் சோதித்துப் பார்க்க இடம்கொடுக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நண்பர் தம் புகாரை எழுதி முடித்துவிட்டார். மே மாத சீசனில் உதகையில் அதே காட்சி மீண்டும் நடக்கவிருப்பதாக அழைப்பு வந்திருக்கிறது. நாங்கள் இருவரும் போய், எல்லோர் முன்னிலையிலும் அந்தச் சோதனையைக் கேட்கப்போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானொலிப் பழுதுநீக்குநர்,
குன்னூர்.