பாக்கெட் முன்னாடியே போடணும் பாப்பா

பாப்பா, நல்லா இருக்கியா, மாப்ள பசங்க எல்லாம் சவுக்கியமா. அன்னிக்கு போன்ல பேசிகினு இருக்கும்போதே கட்டாயிடுச்சி, அதான் இந்த தின்பண்ட பாக்கெட் லேபிள் விஷயத்த எழுதறேன்.

அப்பாவுக்கு பிபி ஏறிச்சின்னு டாக்டர் உப்ப கொறைக்க சொன்னாரு இல்ல, கொழம்புல நான் கொறைச்சிட்டேன், ஆனா அவரு வாங்கினு வர்ற மிக்சர் பாக்கெட்ல எவ்ளோ உப்புன்னு யாரு சொல்றது? பின்னாடி திருப்பினா எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து, முழுக்க இங்கிலீஷு, அதுலயும் பாதி ஒட்டின மடிப்புக்குள்ள போயிடுது. எதிர்வீட்டு பொண்ண படிக்க சொன்னேன். 100 கிராமுக்கு சோடியம் 800 மில்லிகிராம்னு போட்டுகீது. உப்பு எத்தன கிராம்னு நேரா போட இன்னா கஷ்டம்? சோடியத்த 2.5 ஆல பெருக்கணுமாம், அப்போ 2 கிராம் உப்பு. ஒரு நாள் பூராவுக்கும் 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அப்பா டிவி பாத்துகினே முக்கால் பாக்கெட்ட முடிச்சிடறாரு.

சட்டத்துல லேபிள் இங்கிலீஷ்லயோ ஹிந்தியிலயோ இருந்தா போதுமாம், தமிழ்ல போடறது கம்பெனிக்காரன் இஷ்டம். சத்துவாச்சாரி கடையில விக்கிற பொருள சத்துவாச்சாரிக்காரங்க படிக்க முடியலன்னா யாருக்கும்மா அந்த லேபிள்? எனக்கு அவ்ளோ கோவம் வருது.

நம்ம மகளிர் குழுல கேட்டேன், எல்லாரும் தேதி பாப்பாங்க, பச்சை புள்ளி பாப்பாங்க, அவ்ளோதான். பச்சை புள்ளிய எழுத்து தெரியாத ஆயா கூட கரெக்டா சொல்லுது பாரு, அப்போ உப்பு, சர்க்கரை, எண்ணெய் ஜாஸ்தின்னா அதுக்கும் முன்பக்கமே பெருசா ஒரு அடையாளம் வெச்சா ஆச்சி. சிலி நாட்டுல 2016லயே கருப்பு எட்டுகோண முத்திரை போட்டுட்டாங்க. இங்க 2022ல பாக்கெட்டுக்கு சத்த பாத்து ஸ்டார் குடுக்கலாம்னு ஒரு சட்ட வரைவு வந்துச்சி, எனக்கு அது புடிக்கல, ரெண்டு ஸ்டார் இருந்தா ஏதோ நல்லதுன்னுதான ஜனங்க நெனைக்கும்.

இன்னொன்னு, ரொம்ப சின்ன பாக்கெட்டுன்னா சத்து விவரம் போடலன்னாலும் சட்டப்படி சரியாம். பள்ளிக்கூட பசங்க வாங்கி துன்றதுல அந்த மாதிரி சின்ன பாக்கெட்டும் இருக்குது.

நீ இதெல்லாம் வெச்சி உணவு பாதுகாப்பு ஆணையத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதி அனுப்பு, குழுல எல்லாரும் கையெழுத்து போடறோம்னு சொல்லிகிறாங்க. தமிழ் மனுவ நானே எழுதிட்டேன், திங்கக்கெழம குறைதீர் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல குடுக்க போறோம். சீக்கிரம் அனுப்பும்மா.

அம்மா