ஒரு திரை, நாலு அறை

அன்பு மாப்ளே,

எமிஸில், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் இணையதளத்தில், பிள்ளைகள் விவரம் ஏற்றும்போதே வாட்ஸ்அப் வந்து, அதற்குப் பதில் போடப்போய், பாதி அடித்த வினாத்தாள் எங்கே போய் ஒளிந்ததென்று தேடியே ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது என்றாயே, அது மனசிலேயே நிற்கிறது. ஒரே கம்ப்யூட்டர் திரையில் வேலைக்கு ஒரு டெஸ்க்டாப் என்று பிரித்துக்கொள்ள வழி இருக்கிறது. போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, அதனால்தான் கடிதம்.

எனக்கு இது பட்டுத் தெளிந்த விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாம்பழ சீசன் உச்சத்தில், 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னைப் போட வேண்டிய அவசரம். ஒரு மாங்கூழ் ஆலையின் எக்செல்லும் ஒரு ஹார்டுவேர் கடையின் எக்செல்லும் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருந்தன. இரண்டும் நானே போட்டுவைத்த ஒரே ஃபார்மேட். ஆலையின் உள்ளீட்டு வரி கிரெடிட்டை, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த வரிக்காகக் கழித்துக்கொள்ளும் தொகையை, தூக்கிக் கடையின் ரிட்டர்னில் போட்டு ஃபைல் செய்துவிட்டேன். ஃபைல் ஆன 3பியைத் திருத்த வழி கிடையாது, அடுத்த மாத ரிட்டர்னில்தான் சரிக்கட்ட வேண்டும். அந்த கிரெடிட்டை வைத்து வரியும் கழிந்துபோயிருந்ததால், திருப்பிக் கட்டியதோடு வருஷத்துக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டியும் சேர்ந்தது. வட்டியை நான்தான் கொடுத்தேன். பத்து வருஷமாக என்னை நம்பிக் கணக்கு கொடுத்த மனிதர் முன்னால் போய் நின்றேன் பார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றைக்குப் பையன்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். விண்டோஸ் கீயையும் கன்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு டி-யைத் தட்டு. துடைத்துவிட்ட மாதிரி புது டெஸ்க்டாப் ஒன்று வரும். அதே இரண்டு கீயோடு இடது, வலது அம்புக்குறி தட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். விண்டோஸ் கீயோடு டேப் தட்டினால் எல்லாம் வரிசையாகத் தெரியும், அங்கேயே பெயரும் வைக்கலாம். 2015இல் விண்டோஸ் 10 வந்ததிலிருந்தே இப்படிப் பல டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, பெயர் வைப்பது மட்டும் பின்னால் வந்தது.

எனக்கு இப்போது நாலு. முதலாவதில் ஆலைகள் மட்டும். இரண்டாவதில் கடைகள். மூன்றாவதில் மெயிலும் வாட்ஸ்அப்பும். விண்டோஸ் 11 என்பதால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு படம் போட முடிகிறது. ஆலை டெஸ்க்டாப்புக்கு உங்கள் தோட்டத்துப் பெங்களூரா மாமரம், கடைக்கு வெறும் நீல நிறம். எக்செல்லைச் சின்னதாக்கினால் பின்னால் மாமரம் தெரியும், ஆலைக் கணக்கில் இருக்கிறேன் என்று கண்ணே சொல்லிவிடும். மண்டியில் செந்தூராவும் பெங்களூராவும் ஒரே கூரைக்குக் கீழே கிடந்தாலும் நடுவில் ஆள் நடக்க வழி விட்டுத்தானே கொட்டுகிறார்கள்? அந்த வழிதான் எனக்கு இத்தனை நாள் இல்லாமல் இருந்தது.

இதன் பழங்கதையையும் தேடிப் படித்தேன். 1986இலேயே ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வுக்கூடத்தில் ஆஸ்டின் ஹென்டர்சன், ஸ்டூவர்ட் கார்ட் என்ற இரண்டு பேர், சின்னத் திரையில் ஜன்னல்கள் இடத்துக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்து, வேலைக்கு ஒரு அறை என்று பிரித்திருக்கிறார்கள். 'ரூம்ஸ்' என்றே பெயர். எத்தனை பொருத்தமான பெயர்!

உனக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பைக் கூட்டினால் ராம், அதாவது கம்ப்யூட்டரின் நினைவகம், அதிகமாகிவிடாது. திறந்ததெல்லாம் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும், உன் பழைய லேப்டாப்புக்கு மூன்று போதும். ஒரு டெஸ்க்டாப்பை மூடினால் அதிலிருந்த ஜன்னல்கள் மூடாது, பக்கத்து டெஸ்க்டாப்புக்குக் குடிபெயர்ந்துவிடும். அதனால் வேலை முடிந்ததை முதலில் மூடிவிடு. எமிஸ் ஒன்றில், வினாத்தாள் ஒன்றில், வாட்ஸ்அப் தனியாக. முக்கியமாக வாட்ஸ்அப்பை வினாத்தாள் பக்கம் அண்டவே விடாதே. பதில் அரைமணி நேரம் தாமதமானால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

நாலாவது என்னவென்று கேட்பாய். அது நம்முடையது. நாம் சுற்றித் திரிந்து எடுத்த நடுகல் படங்களும் என் குறிப்புகளும்தான் அங்கே இருக்கின்றன. பின்னால் வைத்திருப்பதும் பென்னாகரம் பக்கம் நாம் பார்த்த அந்த வில்லேந்திய வீரன்தான். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அம்புக்குறியை மூன்று தட்டு தட்டி அங்கே போய்விடுகிறேன். அந்தக் கல்லின் எழுத்தில் மூன்றாவது வரி இன்னும் பிடிபடவில்லை. சாய்ந்த வெயிலில் எடுத்த படம் உன் போனில்தான் இருக்கிறது, மறக்காமல் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் தர்மபுரி அருங்காட்சியகத்துக்கு வா, அங்கே இருக்கும் கற்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் நண்பன்,
கிருஷ்ணகிரி