வேரைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

மண்டபம்,
ஐப்பசி 12

அன்புள்ள மாப்ளே,

நீ மூன்று தடவை போன் அடித்தும் நான் எடுக்கவில்லை. கோபமாகத்தான் இருப்பாய். உன் வீட்டில் தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? பெரியவனுக்கு ஜாதகம் ஏதும் பொருந்தி வந்ததா? இங்கே எல்லாரும் சுகம். உன் தங்கச்சி உனக்கென்று கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறாள், மழையில் கசிவதற்குள் வந்து வாங்கிக்கொள்.

இலங்கைக்குப் போய் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் கிளப் ஆட்கள் டிசம்பரில் அங்கே கோல்ஃப் ஆடப் போகிறார்கள், கிரவுண்டு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல் என்றாய். ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் மாப்ளே. பார்த்தது மனசில் கிடந்து புரண்டுகொண்டே இருக்கிறது. அதற்குமேல் இங்கே ஒரு சங்கதி வேறு முளைத்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஆனால் மேற்கே மதுரைக்குப் போய் விமானம் ஏறித்தான் கிழக்கே கொழும்புக்குப் போனோம். மகளும் மருமகனும் ஏழு நாள் கூட்டிக்கொண்டு போனார்கள். மருமகன் இப்போது கோல்ஃப் ஆடுகிறார். நாம் இருபது வருஷம் துபாயில் வெட்டித் தண்ணீர் விட்ட புல்லில், ஒரு நாளாவது மட்டையைப் பிடித்திருப்போமா? இந்தத் தடவை மட்டையோடு ஒருவர் நம் வீட்டிலிருந்தே போகிறார், நான் பின்னாலேயே நடக்கிறேன். நம்ம கூட்டாளி கட்டையன் இருந்திருந்தால் கைதட்டியிருப்பான்.

கொழும்பில் அந்தப் பழைய ராயல் கொழும்பு கிளப்பை வெளியிலிருந்து பார்த்தேன். 1880 வாக்கில் தொடங்கியது. மைதானத்தின் நடுவிலேயே ரயில் தண்டவாளம் போகிறது, நம்புவாயா? நுவரெலியாவில் இருப்பது 1889இல் வந்தது. ஆறாயிரம் அடி உயரத்துக் குளிரில் புல்லே வேறு மாதிரி வளர்கிறது. அதெல்லாம் வேறு கதை. நான் சொல்ல வந்தது நாங்கள் தங்கிய இடத்தை. கடலை ஒட்டி ஒரு ஓட்டல், அதற்குச் சொந்தமாக ஒன்பது குழி கோல்ஃப் மைதானம். பெயர் எழுதமாட்டேன். எழுதினால் அங்கே வேலை பார்க்கிறவன் வயிற்றில் அடித்த மாதிரி ஆகும்.

மாடியிலிருந்து பார்த்தால் பச்சைப் பட்டு விரித்தது போல இருந்தது. உன் தங்கச்சி "எவ்வளவு அழகு" என்றாள். காலையில் ஐந்தரைக்கு இறங்கிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்திட்டில், கால் வைத்தேன். வைத்ததுமே தெரிந்துவிட்டது. மெத்து மெத்து என்று அமுங்குகிறது. மூன்று மில்லிமீட்டரில் வெட்டிய கிரீன் பாதத்துக்கு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. இது ஈரச் சாக்கை மிதித்தது போல இருந்தது. அடியில் செத்த தண்டும் சருகும் ஒரு விரல் கனத்துக்குச் சேர்ந்து கிடக்கிறது.

கிரீன் ஓரத்தில் ஒரு தம்பி பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். தமிழில் பேசினேன், தமிழில் பதில் வந்தது. மலைநாட்டு ஹட்டன் பக்கத்துப் பையன். "எந்த ஊருங்கையா?" என்றான். மண்டபம் என்றதும் கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்துவிட்டான். "எங்க பாட்டன் அந்தக் கேம்புல இருந்துட்டுத்தான் தோட்டத்துக்கு வந்தாராம்" என்றான். நம்ம கேம்ப் மாப்ளே. தேயிலைத் தோட்டத்துக்குப் போன சனத்தைப் பிடித்துவைத்து நோய் பார்த்து அனுப்பிய அதே இடம். தினமும் அதன் வழியாகத்தான் மீன் வாங்கப் போகிறேன். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பிறகு அவனே குழி வெட்டும் உருளையைக் கொண்டுவந்து ஓரத்தில் ஒரு துண்டு எடுத்துக் காட்டினான். வாங்கி மூக்கருகே வைத்தேன். அழுகிய முட்டை நாற்றம். இரண்டு அங்குலத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை ஓடுகிறது. வேர் அந்தக் கறுப்பைத் தொட்டதும் நின்றுவிட்டது. ஒரு சாண் இறங்கவேண்டிய வேர் ஒரு கட்டைவிரல் நீளம்கூட இல்லை. மேலே பச்சை, கீழே மூச்சுத் திணறல். வேர் மூச்சு விடத் துளை போட்டு மணல் நிரப்பி எத்தனை காலம் ஆச்சு என்று கேட்டேன். "மெஷின் இருக்குங்கையா, ஆளுதான் இல்ல" என்றான்.

அவன் சொன்ன கதையைக் கேள். 2021இல் அங்கே ரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் ஒரே நாளில் தடை போட்டார்கள் அல்லவா? வருஷக் கடைசியில் தடையை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு உர விலை கைக்கு எட்டவில்லை. அடுத்த வருஷம் டீசலே இல்லை, புல் வெட்டும் மோயர் ஷெட்டிலேயே நின்றது. சம்பளம் காசாகவே தெரியாமல் போய், வேலை தெரிந்த ஆட்களில் பாதிப் பேர் கத்தார், மாலத்தீவு என்று கிளம்பிவிட்டார்கள். இப்போது ஊரும் தேறிவிட்டது, ஓட்டலும் நிரம்புகிறது. புல்லுக்கு மட்டும் பழைய கடன் அடையவில்லை.

இன்னொன்று. போட்டது பாஸ்பாலம் புல், கடலோரத்துக்கு ஏற்றதுதான். ஆனால் நடுவில் நடுவில் அருகம்புல் ஏறியிருக்கிறது. உப்புத் தண்ணீர் பாய்ந்தால் பாஸ்பாலம் ஜெயிக்கும், நல்ல தண்ணீரே பாய்ந்துகொண்டிருந்தால் அருகு உள்ளே வரும், நாம் பார்க்காததா? ஒரே கிரீனில் இரண்டு புல், இரண்டு வேகம். மருமகன் தட்டிய பந்து பாதி தூரம் ஒழுங்காக ஓடி, அருகுத் திட்டில் ஏறியதும் தயங்கித் திரும்பியது. "கை சரியில்ல மாமா" என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். கை சரிதான், புல்தான் சரியில்லை என்றேன்.

உன் ஆட்களுக்குச் சொல்ல இவ்வளவு: டிசம்பர் பாதிக்கு மேல் மேற்கும் தெற்கும் தேவலை, மழை குறையும். கிழக்குக் கரைக்கு அப்போதுதான் நம்மைப் போலவே வாடை மழை, அந்தப் பக்கம் வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன்னால் ஓட்டலுக்குப் போன் போட்டு, கிரீனில் கடைசியாகத் துளை போட்டது எந்தத் தேதி என்று கேட்கச் சொல். போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது என்றால் மணலில் ஆடவேண்டி வரும். போட்ட தேதியே யாருக்கும் தெரியவில்லை என்றால் அது அதைவிட மோசம். படத்தைப் பார்த்து மட்டும் போகவேண்டாம். பச்சையாகப் படம் எடுக்க எந்தப் பாழ் கிரவுண்டும் போதும்.

இனி இங்கே முளைத்த சங்கதி. ஊர் வந்து பத்தாம் நாள் சம்பந்தி வழியில் ஒருவர் வந்தார். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் கடல் பக்கமாக 50 ஏக்கர் வளைத்திருக்கிறாராம். தங்கும் விடுதி, கூடவே ஒன்பது குழி. "அண்ணே, நீங்கதான் புல்லைப் பார்த்துக்கணும்" என்று ஒரு தொகை சொன்னார். நாம் இரண்டு பேரும் துபாயில் கடைசியாக வாங்கிய சம்பளத்தைவிட அதிகம். மாதிரிக்கு என்று ஒரு படம் காட்டினார். எந்த இடம் தெரியுமா? நான் காலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வந்த அதே கிரீன்!

மாப்ளே, எனக்கு ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். கை அரிக்கிறது. விடியக்காலை மோயர் போட்ட கோடும், வெட்டிய புல்லின் வாசமும் கனவில் வருகிறது. உடனே சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நம்ம வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். ஒரு ஹெக்டேருக்கு 50,000 லிட்டர். பத்து ஹெக்டேரில் புல் போட்டால் 5 லட்சம் லிட்டர், ஒரே நாளைக்கு. பதினைந்து லிட்டர் குடத்தில் முப்பத்துமூவாயிரம் குடம். எங்கள் தெருவில் கோடை வந்தால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்துக் கிடக்கிறார்கள். கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு ஊற்றுகிற பெண்களை நீயும் பார்த்திருக்கிறாய். சிரட்டையில் மெதுவாக எடுப்பதால்தான் அது நல்ல தண்ணீராக இருக்கிறது. உப்புக்கு மேலே மிதக்கிற தண்ணீர் அது. மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும், பிறகு லேசில் இறங்காது.

பாஸ்பாலம் போட்டு உப்புத் தண்ணீரே பாய்ச்சலாமே என்று அவர் கேட்டார். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாய்ச்சலாம். ஆனால் மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவ நடுவில் நடுவில் நல்ல தண்ணீர் வேண்டுமே? கழுவின உப்பும் உரமும் எங்கே போகும்? மன்னார் வளைகுடாவில்தான். 21 தீவுக்கும் பவளப்பாறைக்கும் 1986இலேயே தேசியப் பூங்கா என்று பெயர் வைத்துக் காவல் போட்டிருக்கிறார்கள், நான் போய் அதில் யூரியா கரைப்பதா? பாசி எடுக்க முங்குகிற பெண்கள் என் வீட்டு வாசல் வழியாகத்தான் தினமும் போகிறார்கள், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

முடியாது என்று இன்னும் சொல்லவில்லை. ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்பது குழி வேண்டாம். விடுதியில் குளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து, அந்தத் தண்ணீர் எவ்வளவுக்குத் தாங்குமோ அவ்வளவுக்கு ஒரே ஒரு பயிற்சிக் கிரீன். நம்ம ஊர் அருகம்புல்லிலேயே. பெர்முடா என்று பெட்டி பெட்டியாக அமெரிக்காவிலிருந்து இறக்கினோமே, அதன் ஒரு பாதி பிள்ளையார் புல்தானே! சதுர்த்திக்கு நர்சரிப் பாத்தியில் நீ பிடுங்கி வந்ததற்கு துபாய் மேலாளர் போட்ட கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. சுற்றிலும் கடற்கரை மணலில் தானாக வளர்கிற ராவணன் மீசைப் புல்லும் அடம்புக்கொடியும் இருக்கிறபடி இருக்கட்டும், மணல் பறக்காது.

அவர் ஒத்துக்கொள்வாரா தெரியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் இல்லை, வேறு யாரையாவது பிடித்துச் செய்வார். அதுதான் தூக்கம் கெடுக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை பதில் கேட்டு வருகிறார். அதற்குள் நீ இங்கே வரவேண்டும். நான் தனியாகச் சொன்னால் வயசான ஆள் பயப்படுகிறான் என்பார். இரண்டு பேராகச் சொன்னால் எடுபடும். உன் கிளப் ஷெட்டில் மண் எடுக்கும் குழாய் இருக்குமே, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா. அந்த 50 ஏக்கரில் நாலு இடத்தில் இறக்கி எத்தனை அடியில் உப்பு தட்டுகிறது என்று அவர் கண்ணெதிரே காட்டிவிடலாம்.

தங்கச்சியையும் கூட்டி வா. புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலில் போய் ராமேஸ்வரம் தரிசனம் முடிக்கலாம், முழங்காலுக்குச் சிரமம் இருக்காது. புதன்கிழமைக்குள் வந்துவிடு. இந்தத் தடவை நீ போன் அடித்தால் எடுப்பேன்.

உன் மச்சான்