அப்பாவுக்கு, லேலண்ட் ஊர் பார்த்து வந்து எழுதுவது

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. போனில் நான் பேசுவது உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று அம்மா சொன்னாள். அதனால் இனி நானும் கடிதமே எழுதுகிறேன், செல்வியை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர்தான் கொஞ்சம் படுத்துகிறது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, மழை என்றால் நம்மூர் மழை மாதிரி கொட்டித் தீர்ப்பதில்லை, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். கோட்டு வாங்கிவிட்டேன், அம்மா கவலைப்பட வேண்டாம். இங்கிலாந்தாக இருந்தாலும் புளி, பருப்பு, அரிசி எல்லாம் நான் இருக்கிற இந்தப் பிரஸ்டன் ஊரிலேயே கிடைக்கிறது. முதியோர் இல்லத்தில் இந்த மாதம் ஷிஃப்ட் குறைத்திருக்கிறார்கள், ஓய்வு கிடைக்கிறது, அதுவும் நல்லதுதான்.

அந்த ஓய்வில் ஒரு இடத்துக்குப் போய் வந்தேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற ஒவ்வொரு பஸ்ஸின் நம்பரையும் நோட்டில் எழுதி வைப்பாரே, அவர்தான். அவர் வேலை பார்த்ததெல்லாம் லேலண்டில், எஞ்சின் பூட்டுகிற பிரிவில். எங்கள் அப்பா மெட்ராஸில் லேலண்ட் பஸ் ஓட்டினார் என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மறுவாரமே காரில் கூட்டிக்கொண்டு போனார். டிக்கெட்டும் அவரே எடுத்தார்.

அப்பா, லேலண்ட் என்பது ஒரு ஊர்! இங்கிருந்து ஆறு மைல் இருக்கும். சின்ன ஊர்தான். 1896-ல் இங்கேதான் நீராவி வண்டி செய்ய ஒரு கம்பெனி தொடங்கி, 1907-ல் லேலண்ட் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. நம் எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்தவர்களோடு இவர்கள் பங்கு சேர்ந்த பிறகுதான், 1955-ல், அசோக் லேலண்ட் ஆனது. நீங்கள் தினமும் துடைத்துவிட்டு வண்டி எடுப்பீர்களே, முன்பக்கம் இருந்த அந்தப் பெயர் இந்த ஊருடையது.

நாங்கள் பார்க்கப் போன வண்டி மியூசியம் பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலேயே இருக்கிறது. லாரி, தீயணைப்பு வண்டி, பஸ் என்று வரிசையாக நிற்கின்றன. 1982-ல் போப் இங்கிலாந்து வந்தபோது அவர் நின்றுகொண்டு போன கண்ணாடி வண்டியும் லேலண்ட் செய்ததுதான், இங்கேதான் நிற்கிறது. எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் கட்டாயம் சொல்லுங்கள், 1986-ல் அவர் மெட்ராஸ் வந்தபோது கூட்டத்தில் நசுங்கிப் பார்த்ததை இன்னும் சொல்வார்களே. ஆனால் என் கால் நின்றது பழைய டபுள் டெக்கர் பக்கத்தில். முன்பக்கம் டிரைவருக்கென்று தனியாக ஒரு சின்னக் கூண்டு, பக்கத்தில் எஞ்சின். பயணிகளோடு பேச்சே கிடையாது, கண்டக்டர் மணி அடித்தால் எடுக்க வேண்டியதுதான். பெரியவருக்கு அதுதான் முறையான பஸ். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் ஓட்டிய நம் 29சி பஸ்ஸில் எஞ்சின் பானெட் உள்ளேயே இருக்கும், அதன்மேல் ரெக்சின் உறை, அதன்மேல் ஊர்ப்பட்ட பை, கூடை, ஸ்கூல் பிள்ளைகள். பின்னால் தகரத்தில் திருக்குறள். கண்டக்டர் விசில் அடித்து "போலாம் ரைட்" என்பதற்குள் நாலு பேர் ஃபுட்போர்டில் தொற்றியிருப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஓட்டுகிறவர்தான் டிரைவர் என்று பெரியவரிடம் சொன்னேன்.

லீவு நாளில் தூக்குச்சட்டியோடு பெரம்பூரில் காத்திருந்து, உங்கள் வண்டியிலேயே பெசன்ட் நகர் வரை வருவேன், ஞாபகம் இருக்கிறதா? பானெட் சூடு தொடையைச் சுடும், இறங்க மாட்டேன். ஜெமினி தாண்டும்போது கியரை மாற்ற நீங்கள் உடம்பையே சாய்த்து இழுப்பது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அங்கே ஒரு வண்டியில் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தேன், அத்தனை பெரிய வளையம், சில்லென்று இருந்தது. இதை இழுத்து இழுத்துத்தான் உங்கள் வலது தோள் போயிற்று, கிளட்ச் மிதித்துத்தான் முழங்கால் போயிற்று. பெரியவர் ஏதோ கேட்டார், கொஞ்ச நேரம் பதில் சொல்ல முடியவில்லை. உங்களை ஒருதரம் இங்கே கூட்டிவந்து அந்தக் கூண்டுக்குள் உட்கார வைக்க வேண்டும் அப்பா. வீட்டுக்கு வரவேண்டும் போலவும் இருக்கிறது. பொங்கலுக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது, சித்திரையில் பார்ப்போம்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், அதற்கான பணம் தனியாக வரும். ராஜேந்திரன் மாமாவிடம் பாக்கியைத் தை முடிவதற்குள் கொடுத்துவிடுவேன் என்று சொல்லுங்கள், அவர் முகம் கோணினாலும் நீங்கள் பதில் பேச வேண்டாம். செல்விக்கு வந்திருக்கும் வரன் பற்றி: பையன் வேலை நிரந்தரமா என்று பெரியண்ணனை நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள், செல்வியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். மாடி வீட்டை விற்கிற பேச்சை மட்டும் இப்போது எடுக்காதீர்கள். புரோக்கர் வந்து எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாமல், எனக்கு ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்கள்.

முழங்காலுக்குத் தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி தேய்த்துவிட்டுப் படுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
பாலு