வலி எந்த டிபார்ட்மென்ட்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலிக்கு வந்திருக்கும் புது மருந்துகள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நரம்பில் வலிச் செய்தி ஓடுவதற்குத் திறந்து மூடுகிற நுண்ணிய வாசலான சோடியம் கால்வாய் என்கிற சங்கதியை என் போன்ற ஆளுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். ஆனால் நல்ல மருந்து ஒன்று கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்கிற தோரணை அதில் இருந்ததாக எனக்குப் பட்டது. என் வலிக்கான மருந்து 1960களிலேயே இருந்தது. அது என் கைக்கு வந்து சேர இரண்டேகால் வருடம் ஆனது. அந்த இரண்டேகால் வருடத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காலையில் பல் தேய்க்கும்போது வலது மேல்தாடையில் சுளீர் என்று வெட்டும். ஐந்தாறு விநாடிதான், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். நாளாக ஆக முகம் கழுவினால் வந்தது, ஃபேன் காற்று கன்னத்தில் பட்டால் வந்தது, பேச வாயைத் திறந்தாலே வந்தது. பல் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பல்தான் என்று நானே விரல் வைத்துக் காட்டினேன். வேர் சிகிச்சை செய்தார், வலி போகவில்லை. பல்லையே பிடுங்கினார். வலி பக்கத்துப் பல்லுக்குக் குடிபோனது. காது மூக்கு தொண்டை டாக்டர் சைனஸாக இருக்கலாம் என்றார். கண் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். இன்னொருவர் மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை (பிடுங்கிய பல்லைப் பற்றி நினைக்கும்போது மட்டும் கொஞ்சம் வரும்). அவரவர் ஜன்னலில் இருந்து தெரிந்ததை அவரவர் சொன்னார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நானும் ஒரு பிளாஸ்டிக் பையும்தான்.

கடைசியில் ஒரு மருத்துவமனையில் முகவலிக்கென்றே மாதம் இருமுறை கூடுகிற ஒரு குழுவிடம் அனுப்பினார்கள். நரம்பியல் டாக்டர், பல்-தாடை மருத்துவர், உளவியல் ஆலோசகர் மூன்று பேரும் ஒரே மேஜையில். பல் மருத்துவர்தான் முதலில் கேட்டார்: "விண்விண் என்று தெறிக்குமா, சுளீர் என்று வெட்டுமா?" வெட்டும் என்றேன். "ராத்திரி தூக்கத்தில் எழுப்புமா?" பெரும்பாலும் இல்லை. அவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "சார், இது உங்க கேஸ்" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று பெயர் சொன்னார்கள். முகத்துக்கு உணர்வு கொடுக்கிற ஐந்தாவது மூளை நரம்பில் வரும் வலி. பிறகு எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில் ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பை அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. எழுதிக் கொடுத்த மாத்திரை கார்பமசெபின். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "வலிப்பு யாருக்கும்மா?" என்றார். எனக்கு வலிப்பு இல்லை, வலி என்றேன். வலிப்பு நோய்க்கான அந்த மருந்து இந்த முகவலியையும் அடக்கும் என்று 1962இலேயே எழுதிவிட்டார்கள்.

சரி, இது ஒருத்தியின் அதிர்ஷ்டக் கதை என்று தோன்றலாம். ஆனால் அந்த மேஜைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜான் போனிகா என்ற மயக்க மருத்துவர், படிப்புச் செலவுக்காக மல்யுத்தம் செய்து உடம்பெல்லாம் காயம் வாங்கியவர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்கள் அவரிடம் வந்தார்கள். அவர்களுடைய வலியை ஒரு துறை மட்டும் பார்த்து அவிழ்க்க முடியாது என்று அங்கேதான் புரிந்துகொண்டார். மற்ற துறைக்காரர்களோடு கூடிப் பேச ஆரம்பித்தார். பிறகு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பல துறைகள் சேர்ந்த வலி கிளினிக்கை உருவாக்கினார். 1973இல் அதே ஊருக்குப் பக்கத்தில் இசக்குவா என்ற இடத்தில் உடலியங்கியல், அறுவை, உளவியல் என்று தனித்தனியாக வலியை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களை ஒரே இடத்தில் கூட்டினார். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் அதிலிருந்து பிறந்தது. வலி என்பது உடம்பின் உணர்வு மட்டுமல்ல, மனதின் அனுபவமும்கூட என்று 1979இல் அந்தச் சங்கம் வரையறுத்தது. 2020இல் அதைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னவருக்கு இதைக் காட்ட ஆசை.

அந்த மேஜையில் பல் மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கும் ஒரு பின்கதை உண்டு. ரொனால்ட் மெல்சாக் ஒரு உளவியலாளர், பேட்ரிக் வால் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிச் செய்தி முதுகுத்தண்டில் ஒரு கதவைத் தாண்டித்தான் மேலே போகிறது, அந்தக் கதவை மூளையும் திறந்து மூட முடியும் என்று 1965இல் இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அதே மெல்சாக் 1975இல் நோயாளிகள் வலிக்குப் பயன்படுத்தும் சொற்களில் 78ஐ 20 தொகுதிகளாகப் பிரித்து ஒரு வினாப் பட்டியல் கொடுத்தார். நம் மொழியில் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, சுளுக்கு, விண்விண், சுளீர் என்று எத்தனை இருக்கின்றன! முதல் நாளே நான் சுளீர் என்றுதான் சொன்னேன். அது எந்த ஃபைலிலும் ஏறவில்லை. நான்கு ஃபைலிலும் "வலது முகத்தில் வலி" என்று மட்டுமே இருந்தது.

உங்கள் கட்டுரையின் சோடியம் கால்வாய்க் கதையும் கூட்டு முயற்சிதான், அதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். கைகால் சிவந்து நெருப்பாய் எரிகிற ஒரு பரம்பரை நோயைச் சீனத்தில் தோல் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2004இல் அதற்குக் காரணமான மரபணுவைச் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து, பிறந்ததிலிருந்து வலியே தெரியாத சில பாகிஸ்தான் குடும்பத்துக் குழந்தைகளை மரபியல் டாக்டர்கள் ஆராய்ந்தபோது அதே மரபணு வந்து நின்றது. வலி நரம்பில் உள்ள ஒரு சோடியம் கால்வாயை உருவாக்குகிற மரபணு அது. ஒரு பக்கம் கால்வாய் அடங்காமல் திறக்கிறது, இன்னொரு பக்கம் வேலையே செய்வதில்லை. தோல் டாக்டரும் மரபியல் டாக்டரும் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்காமல் இருந்திருந்தால் இவை இரண்டு தனித்தனி விநோதங்களாகவே கிடந்திருக்கும். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் என்ற வலி மருந்து அந்தக் கால்வாயின் உடன்பிறப்பு ஒன்றை அடைக்கிறது. என் பழைய கார்பமசெபினும் சோடியம் கால்வாய்களில்தான் வேலை செய்கிறது.

ரெஃபரல் லெட்டர் கொடுத்து அனுப்புவதையே கூட்டு சிகிச்சை என்று சொல்கிறார்கள். அது கூட்டு அல்ல, கைமாற்றம். கூட்டு என்றால், என் முன்னால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்க முடிய வேண்டும். மாத்திரையால் தலைசுற்றுகிறது என்றால் அளவைக் குறைக்கிறவரும், வலி எப்போது வருமோ என்ற பயத்தில் சாப்பிடுவதையே குறைத்துவிட்டேன் என்றால் அதைக் கவனிக்கிறவரும் அங்கேயே இருக்க வேண்டும். இதற்கு நேரம் ஆகும், மூன்று டாக்டருக்குச் சம்பளம் ஆகும். அமெரிக்காவில் இப்படிப் பெருகிய மையங்கள் 1990களுக்குப் பிறகு குறைந்ததற்கு, ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் பணம் தருகிற காப்பீட்டு நிறுவனங்கள் உட்கார்ந்து பேசுவதற்குத் தர யோசித்தது ஒரு முக்கியக் காரணம். நான் செலவழித்த ஒரு வேர் சிகிச்சை, ஒரு பல், மூன்று ஸ்கேன் எல்லாவற்றையும் கூட்டினால் அந்த மேஜை மலிவு.

ஒரு வேண்டுகோள். உங்கள் "டாக்டரைக் கேளுங்கள்" பகுதியில் பாதிக்குப் பாதி கேள்வி வலி பற்றித்தான் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர் பதில் சொல்கிறார். அடுத்த இதழில் ஒரே ஒரு கேள்வியை எடுத்து மூன்று துறைக்காரர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பதில் கேளுங்கள். அவர்கள் ஒத்துப்போகாத இடங்களையும் வெட்டாமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வலது பக்கமும் மென்று சாப்பிடத் தொடங்கியிருக்கும் ஒரு வாசகி