கோல்கீப்பர் வாயை மூடிக்கொண்டா நிற்கிறார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்கீப்பராக ஆடிவிட்டு டிவிக்குப் பேசப் போனவர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. எங்கள் ஆட்களைப் பற்றி யாராவது எழுதினாலே சந்தோஷம்தான். ஆனால் இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்கு கோல்கீப்பராக இருந்த பாப் வில்சனைப் பற்றி, "90 நிமிடமும் இரண்டு கம்பத்துக்கு நடுவே வேடிக்கை பார்த்து நின்றவர், மைக் கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்" என்று எழுதியிருக்கிறாரே உங்கள் நிருபர், அவர் ஒரே ஒரு ஆட்டத்தையாவது கோலுக்குப் பின்னால் நின்று பார்த்தது உண்டா?

கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மைதானத்தில் தொண்டை கட்டிப்போகிற ஒரே ஆள் கோல்கீப்பர்தான். தன் அணியின் 10 பேர், எதிரணியின் 11 பேர் எல்லோரையும் ஒரே பார்வையில் பார்க்கிற இடம் அவருடையது. உயரமாக வரும் பந்துக்கு வெளியே வருவதென்றால் "கீப்பர்!" என்று ஒரே தரம், ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாட்டக்காரர்) எம்புவதற்கு முன்பே கத்த வேண்டும். வரப்போவதில்லை என்றால் "அவே!", அதாவது நீயே அடித்து விரட்டு. அரை விநாடி பிந்தினால் இருவரும் முட்டிக்கொள்வார்கள், பந்து காலி வலைக்குள் உருளும். நம் புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் சாயங்காலக் கடல்காற்று ஏறிவிட்டால் கிராஸ் பந்து (ஓரத்திலிருந்து நடுவே தூக்கி அடிப்பது) நின்று நின்று இறங்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு அடி அவசரப்பட்டு முன்னே வந்த கீப்பருக்கு அது தலைக்கு மேல் போகும். மறுநாள் உங்கள் தலைப்பு: "கோட்டை விட்டார் கோல்கீப்பர்".

ஃப்ரீ கிக்கைத் தடுக்க ஆட்களை வரிசையாகச் சுவர் போல நிறுத்துவதை உங்கள் நிருபர் ஒருமுறை கவனிக்கட்டும். 20 கெஜத்தில் நேர் எதிரே என்றால் நாலைந்து பேர், ஓரத்தில் என்றால் இரண்டு பேர். கீப்பர் பந்துக்குக் கிட்டத்துக் கம்பத்தை ஒட்டி நின்று, கம்பத்திலிருந்து பந்துக்கு ஒரு கோடு பார்ப்பார். அந்தக் கோட்டில் ஓர் ஆள். வளைத்து அடித்தால் தடுக்க, கோட்டுக்கு வெளியே இன்னோர் ஆள். மற்றவர்கள் உள்பக்கம். "வலது பக்கம் ஒரு ஸ்டெப்... இன்னொண்ணு... போதும்!" என்று கத்திவிட்டு, சுவர் மறைக்காத பாதிக்கு ஓடி வந்து நிற்க வேண்டும். எதிரணி விசிலுக்குக் காத்திராமல் பந்தைத் தட்டிவிட்டால் அவர் இன்னும் கம்பத்தோடுதான் நிற்பார். ஆட்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "டேய்" என்றால் நாலு பேர் திரும்புவார்கள், ஒருவரும் நகர மாட்டார்கள். இதற்குப் பெயர்தான் வேடிக்கை பார்ப்பதா?

வில்சன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் படிப்பால் பள்ளி ஆசிரியர். 1963-ல் ஆர்சனலுக்கு வந்து 300 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். 1970-71 சீசனில் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்ற அணியின் கோல்கீப்பர். ஆடிக்கொண்டிருக்கும்போதே 1970 உலகக் கோப்பைக்கு பிபிசியில் பேசினார். 1974-ல் ஓய்வுபெற்றதும் அதே பிபிசியில் 'ஃபுட்பால் ஃபோகஸ்' நிகழ்ச்சிக்கு வந்து 1994 வரை நடத்தினார். கூடவே ஆர்சனலில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். பாட் ஜென்னிங்ஸ், டேவிட் சீமன் எல்லாம் அவரிடம் பயிற்சி எடுத்தவர்கள். இதில் ஒரு வரிகூட உங்கள் கட்டுரையில் இல்லை. 1971 கோப்பை இறுதியில் லிவர்பூலின் ஸ்டீவ் ஹெய்வே அடித்த கோல் மட்டும் மறக்காமல் வந்துவிட்டது, "எளிதாக விட்ட கோல்" என்று.

இடது ஓரத்தில் ஓடி வருகிறவர் கிராஸ் போடுவார் என்று கணித்து வில்சன் ஒரு அடி உள்ளே தள்ளி நின்றார். ஹெய்வே கிட்டத்துக் கம்பத்தை ஒட்டி அடித்துவிட்டார். தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோலின் அகலம் 7.32 மீட்டர். கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றிருந்தால் நடுவே வரும் கிராஸுக்கு யார் போவது? இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்ல ஒரு கீப்பர்தான் வேண்டும். ரீப்ளேயில் எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது, உதை விழுந்த நொடியில் கீப்பரின் இரண்டு காலும் தரையில் ஊன்றியிருந்ததா என்று அவர் பார்ப்பார். பெனால்டி 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 0.4 விநாடி. பார்த்துவிட்டுப் பாய நேரமில்லை என்பது அவருக்கு உடம்பில் தெரியும். அதனால்தான் ஐயா டிவிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள்.

ஷாகா ஹிஸ்லாப்பும் அப்படித்தான். 2006 உலகக் கோப்பையில் டிரினிடாட் அணிக்கு ஆட வேண்டிய கெல்வின் ஜாக், ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பில் காயப்பட்டார். சில நிமிட அவகாசத்தில் ஜெர்மனியின் டார்ட்மண்டில் இறங்கி, சுவீடனை ஒரு கோல்கூட அடிக்க விடாமல் 0-0 என நிறுத்தியவர் ஹிஸ்லாப். பிறகு ஈ.எஸ்.பி.என்.னில் வர்ணனையாளர் ஆனார். 2023 ஜூலையில் நேரலையிலேயே மயங்கி விழுந்தபோது படம் பெரிதாகப் போட்டீர்கள். டார்ட்மண்டில் அவர் என்ன செய்தார் என்று சொல்ல இடம் கிடைக்கவில்லை போலும்.

வெளிநாட்டுக்காரர்களை விடுங்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் வாங்கியதன் நினைவாக ஒரு சிறப்புப் பக்கம் வெளியிட்டீர்களே. கோலடித்த பி.கே. பானர்ஜி இருந்தார், ஜர்னைல் சிங் இருந்தார். அந்த இறுதியில் கோலில் நின்ற நம் பீட்டர் தங்கராஜ் எங்கே? முன்வரிசையில் ஆடத் தொடங்கி கோலுக்குப் போனவர், 1967-ல் அர்ஜுனா விருது பெற்றவர். தமிழ்ப் பத்திரிகைக்கே அவர் ஞாபகம் வரவில்லை என்றால் வங்காளத்துக்காரர்களா எழுதுவார்கள்?

போதாக்குறைக்குப் போன மாதக் கேள்வி-பதிலில், கீப்பர் பந்தை 6 விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராகக் கோலடிக்க முடியாத ஃப்ரீ கிக்) என்று பதில் சொல்லியிருந்தீர்கள். அந்த விதி 2025 ஜூலையோடு மாறிவிட்டது. இப்போது 8 விநாடி, தண்டனை கார்னர் கிக். கடைசி 5 விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்டுவார். உங்களை நம்பி ஒரு பையன் ஆறிலேயே பதறி பந்தை எதிராளி காலில் போட்டால் யார் பொறுப்பு?

தாங்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். கேள்வி-பதில் திருத்தத்தை அதே பக்கத்தில் போடுங்கள். உப்பளத்திலும் கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலும் நடக்கும் ஆட்டங்களின் முடிவைப் போடும்போது, கோலடித்தவர் பெயரோடு இரண்டு அணிக் கோல்கீப்பர்களின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் கோப்பையை வழங்கிய பிரமுகர்களில் இருவரைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு கோல்கீப்பர் பயிற்சியாளர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி